கேரட்டின் முதல் மாதம்

கோவையில் கேரட் போட்டிருக்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "அது மலைக்காய் ஆச்சே, இங்கே வருமா?" என்பதுதான். வரும். ஆனால் மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து இறங்கும் ஊட்டிக் கேரட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பாத்தி கட்டுபவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். மருதமலைப் பக்கம் உள்ள எங்கள் வீட்டுப் புழக்கடையில், கத்தரியும் அவரையும் போக மிஞ்சிய இடத்தில், சில ஆண்டுகளாகக் குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு பாத்தியைக் கேரட்டுக்கு ஒதுக்கி வருகிறேன். தக்காளியும் மிளகாயும் வளர்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பயிர் வேறு கணக்கில் நடப்பதாகத் தோன்றும். தக்காளிச் செடி வாடினால் தண்ணீர் விடலாம், இலை மஞ்சளித்தால் உரம் வைக்கலாம், சாய்ந்தால் முட்டுக் கொடுக்கலாம். குறை கண்ணில் படும்போது அதைத் திருத்துவதற்கும் காலம் இருக்கும். கேரட்டில் குறை தெரிவது பிடுங்கும் நாளில்; அது ஏற்பட்டதோ பெரும்பாலும் விதைத்த முதல் மாதத்துக்குள்.

மலைக்காய் என்ற பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவை 400 மீட்டரை ஒட்டி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் 6 டிகிரிக்குச் சற்று மேல் குறையும் என்ற பொதுக் கணக்கின்படி இரண்டு ஊர்களுக்கும் இடையே 11, 12 டிகிரி வேறுபாடு. கேரட்டின் வேர் நல்ல நிறமும் வடிவமும் பெற உகந்தது 15 முதல் 20 டிகிரி செல்சியஸ். கோவையில் மார்கழி, தை மாத இரவுகளில் 18, 19 டிகிரி வரை இறங்கினாலும் பகலில் 30ஐத் தொட்டுவிடுகிறது. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் நீலகிரியில் வீடு கட்டிக் குடியேறி, ஐரோப்பியக் காய்கறிகளை அங்கே பயிரிடச் செய்ததற்கும் அந்த மலைக் குளிர்தான் வாய்ப்பளித்தது. இரு நூற்றாண்டு கழிந்தும் பல வீடுகளில் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் இன்னும் 'இங்கிலீஷ் காய்'தான். திவசச் சமையலில் அவற்றைச் சேர்க்காத குடும்பங்கள் உண்டு.

வெப்பம் கூடக் கூட வேர் குட்டையாகிறது, நிறம் வெளிறுகிறது, இனிப்பை மீறிக்கொண்டு ஒரு கார நெடி ஏறுகிறது. ஆகவே சமவெளியில் நம் கையில் இருப்பது ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததிலிருந்து மாசி வரையிலான காலம் மட்டுமே. பெரும்பாலான இரகங்கள் 90 முதல் 110 நாள்களில் முதிர்வதால் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. ஆனால் தவறிய பருவத்தைப் பிறகு ஈடு செய்ய வழியில்லை. மழைக்கு முன்பே அவசரப்பட்டு விதைத்தால் ஓர் இரவு மழையில் விதைகள் எல்லாம் பாத்தியின் பள்ளமான மூலையில் போய் ஒதுங்கிவிடும். பொங்கலுக்குப் பிறகு விதைத்தால் வேர் பருக்கும் காலம் பங்குனி வெயிலில் போய் விழும்.

இரகம் தேர்ந்தெடுப்பதிலும் வெப்பத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'ஊட்டி-1' பெயருக்கேற்றபடி மலைக்கானது. நுனி மழுங்கி உருளையாக வரும் 'நான்டிஸ்' வகை சுவையில் சிறந்தது என்றாலும் இந்த வெயிலில் அதற்கு மனமில்லை. ஜப்பானிய வகையான 'குரோடா' வெப்பத்தை ஓரளவு தாங்குகிறது. குட்டையாகவும் தடிமனாகவும் வருவதால் நம் மண்ணுக்கும் ஏற்றது. கனமான மண் உள்ளவர்கள் கூம்பு வடிவத்தில் குட்டையாக வரும் 'சான்டனே' வகையைப் போட்டுப் பார்க்கலாம். வடநாட்டில் அல்வாவுக்குப் போகும் சிவப்புக் கேரட்டுகள் சமவெளிக் குளிருக்கே பழகியவை. தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'பூசா கேசர்', 'பூசா ருதிரா' ஆகியவை அந்த இனம்தான். நிறத்தைப் பார்த்துச் சாம்பாரில் போடத் தயங்குபவர்கள் வீட்டிலும் இருப்பார்கள் என்பதால் நான் குரோடாவோடு நின்றுவிட்டேன்.

இனி மண். கோவையின் வீட்டு மனைகளில் மண் என்று நாம் சொல்வது உண்மையில் வீடு கட்டியபோது மிஞ்சியவற்றின் மேல் பரப்பிய ஒரு போர்வைதான். மேலே ஒரு சாண் செம்மண் இருக்கும். அதற்குக் கீழே செங்கல் துண்டு, ஜல்லி, உடைந்த ஓடு, உதிர்ந்த சிமென்ட் பூச்சு, சில இடங்களில் கட்டுக்கம்பித் துண்டும்கூட. கத்தரி இவற்றையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. அதன் வேர் சந்து கண்ட இடத்தில் வளைந்து போய்விடும், மேலே காய்ப்பது காய்த்துக்கொண்டிருக்கும். கேரட்டில் வேரே காய் என்பதால் கீழே உள்ள ஒவ்வொரு சில்லும் சமையலறைக்கு வந்து சேர்கிறது. கால் பிரிந்த கேரட் ஒன்றை இழுத்துப் பிடுங்காமல், சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி எடுத்துப் பார்த்தால் காரணம் அங்கேயே இருக்கும். நான்கு விரற்கடை நேராக இறங்கிய வேர், கட்டைவிரல் நகமளவு ஓட்டுச் சில்லின் மேல் முட்டி நின்று, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு காலாக இறங்கியிருக்கும். இரண்டு கால்களுக்கும் நடுவே அந்தச் சில்லு இறுகக் கவ்வப்பட்டபடியே வெளியே வரும். கழுவினாலும் விழாது, கத்தியால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

எங்கள் பகுதியில் பாத்தி வெட்டித் தரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மரவள்ளியும் மஞ்சளும் போட்டுப் பழகியவர். கேரட் அவருக்குப் புதிது. ஆனாலும் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்பே அவர் சொன்ன சோதனை இன்றுவரை எனக்கு உதவுகிறது: "ஏனுங்க, கெழங்கு வெக்கறதுக்கு முன்னால கையி உள்ள போகோணுமுங்க. கையி போகாத எடத்துல வேரு எப்புடிங்க போகும்?" விரல்களைச் சேர்த்து நீட்டி, உடல் பாரத்தைக் கொடுக்காமல் அழுத்தினால் மணிக்கட்டைத் தாண்டி மண்ணுக்குள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னும் கொத்த வேண்டும், சலிக்க வேண்டும். கொத்தனார்கள் மணல் சலிக்கும் கம்பிச் சல்லடையைச் சாய்த்து வைத்து, ஓர் அடி ஆழம் வரையிலான மண்ணை முழுவதும் சலித்துத்தான் நான் பாத்தி கட்டுகிறேன். முதல் முறை இது முதுகை ஒடிக்கும் வேலை. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே பாத்தியை மேட்டுப்பாத்தியாகவே காத்து வந்தால், அதன் மேல் யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டால், வேலை பாதிக்குப் பாதி குறைந்துவிடும். மிதிக்காமல் இருப்பது என்பது சொல்வதற்கு எளிது; துணி காயப்போடும் கொடி பாத்திக்கு மேலே போனால் வீட்டில் யாரையும் குறை சொல்ல முடியாது. கொடியை மாற்றிக் கட்டுவதுதான் வழி.

மண்ணை இளக்குவதற்கு மணல் சேர்க்கச் சொல்கிறார்கள். ஆற்று மணல் இன்று யாருக்கும் எளிதில் கிடைப்பதில்லை, கிடைப்பது எம்-சாண்ட். அதில் கலந்திருக்கும் பாறைத் தூள் செம்மண்ணின் களியோடு சேர்ந்து, தண்ணீர் பட்டுக் காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக இறுகுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதில் நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் மேல். அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். இளநாற்றுகள் அதைத் தாங்காது.

உரத்தில் கை தாராளமாக இருப்பவர்களுக்குக் கேரட் ஒத்துவராது. மக்காத சாணத்தைப் பாத்தியில் கலந்தால் வேர் கிளைவிட்டு, உடம்பெல்லாம் மயிர்வேர் முளைத்து வருகிறது. தழைச்சத்து மிகுந்தால் மேலே இலை முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நிற்கும், கீழே சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. முந்தைய பயிருக்குத் தொழு உரம் தாராளமாகப் போட்டுவிட்டு, அது அறுவடையான பிறகு அதே பாத்தியில் புது எரு எதுவும் இல்லாமல் கேரட் போடுவது என்பது நல்ல முறை. நான் புரட்டாசி வரை வெண்டை நின்ற பாத்தியையே இதற்கு எடுத்துக்கொள்கிறேன்.

கேரட் விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் ஏறக்குறைய 800 விதைகள் இருக்கும். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. மருந்து பூசாத விதையாக இருந்தால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்தவுடன் அந்த உறவு தெரிந்துவிடும். இந்தக் குடும்பத்துக்கே உள்ள குணம், முளைக்க நாளாவது. மண்ணின் வெப்பத்தைப் பொறுத்து ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். பழைய விதையாக இருந்தால் அதற்கும் மேல் காக்க வைத்துவிட்டு, பாதிகூட வராமல் போகலாம். பொட்டலத்தின் பின்புறம் உள்ள தேதியைப் பார்க்காமல் கேரட் விதை வாங்கக் கூடாது.

சிறிய விதை என்பதால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண்ணை மூடக் கூடாது. அந்த ஒரு சென்டிமீட்டரோ முளைக்கும் வரை ஒரு பொழுதும் காயக் கூடாது. சமவெளியில் கேரட் போட்டு வராமல் போனதாகச் சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு முளைப்பே இல்லாமல் போயிருக்கிறது. காரணம் கேட்டால் விதை சரியில்லை என்பார்கள். செம்மண்ணில் தண்ணீர் ஊற்றி, பகல் வெயிலில் அது காய்ந்தால் மேலே பொருக்குத் தட்டும். நூல் போன்ற அந்த முளைக்கு அந்தப் பொருக்கை உடைத்துக்கொண்டு வரும் வலு கிடையாது. கீழேயே மடங்கிக் கருகிவிடும். பூவாளியால் காலையும் மாலையும் மென்மையாகத் தெளித்து, வரிசையின் மேல் ஈரக் கோணிச்சாக்கைப் போட்டு மூடுவது நல்ல தீர்வு. ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுக்காவிட்டால், நாற்றுகள் இருட்டில் வெளிறி நீண்டு, சணல் இழைகளுக்குள் நுழைந்துவிடும்; பிறகு சாக்கை எடுக்கும்போது அவையும் சேர்ந்தே வரும்.

இன்னொரு நல்ல வழக்கம், விதையோடு இடையிடையே முள்ளங்கி விதையைத் தூவுவது. முள்ளங்கி நாலைந்து நாளில் முளைத்து வரிசை எங்கே ஓடுகிறது என்று காட்டிவிடும். மேல்மண்ணையும் உடைத்துக் கொடுக்கும். கேரட் இடம் கேட்கும் வேளையில் முள்ளங்கி சாம்பாருக்குப் போய்விடும். இரண்டும் சேர்ந்து வருவதில் கேரட்டுக்கு எந்த இழப்பும் இல்லை, முள்ளங்கியைப் பிடுங்கும்போது பக்கத்து நாற்று ஆடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முளைத்து வரும் இரண்டு வித்திலைகளும் ஒல்லியாக நீண்டிருக்கும். களை எடுப்பவர் புல் என்று எண்ணிப் பிடுங்கிப் போட வாய்ப்பு அதிகம். அடுத்து வரும் இலையில்தான் வெட்டுகள் தோன்றிக் கேரட் என்று தெரியும். மேலே இவ்வளவு சிறிதாக, வளரவே இல்லை என்று நினைக்கும்படி நிற்கும் இந்தக் கட்டத்தில்தான் கீழே முக்கால்வாசி வேலை நடந்து முடிகிறது. முதல் மூன்று நான்கு வாரங்களில் ஆணிவேர் நூல் தடிமனில் நேரே கீழே இறங்குகிறது. நாம் பின்னால் பிடுங்கப்போகும் கேரட்டின் நீளமும் வடிவமும் அப்போதே முடிவாகிவிடுகின்றன. பிறகு நடப்பது எல்லாம் அந்த நூல் பருப்பது மட்டும்தான். வளரும் புள்ளி வேரின் நுனியில் இருப்பதால், அந்த நுனி கல்லில் முட்டினாலோ, காய்ந்தாலோ, புழுவோ பூச்சியோ கடித்தாலோ, நாற்றைப் பிடுங்கி வேறிடத்தில் நடும்போது அறுந்தாலோ, பக்கவேர்கள் அதன் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. பருக்கும் காலம் வரும்போது அவை எல்லாமே பருக்கின்றன.

குழித்தட்டில் கேரட் நாற்று வளர்த்து எடுத்து நடச் சொல்லும் காணொளிகளைப் பார்க்கும்போது, அந்தப் பாத்தியின் அறுவடையையும் அவர்கள் காட்டியிருக்கலாமே என்று தோன்றும். கேரட்டை அது நிற்கப்போகும் இடத்திலேயே விதைக்க வேண்டும். குரோபேக்கில் போடுபவர்கள் 30 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம் உள்ள பையை எடுக்க வேண்டும். பையில் நிரப்பிய நார்க்கழிவு நாளடைவில் அமுங்கும் என்பதால் தொடக்கத்தில் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். ஆனால் என் கருத்தைக் கேட்டால், மொட்டை மாடியில் தளத்தின் சூடும் பையின் பக்கவாட்டு வெயிலும் சேர்ந்து வேரை வாட்டுவதால், மாடிக்கு முள்ளங்கியும் பீட்ரூட்டும் போதும்.

மேற்குக் கோவையில் இந்தக் கட்டத்துக்கு ஓர் எதிரி உண்டு, மயில். காலையில் இரண்டு மூன்றாக மதிலேறி இறங்கி, இளம் இலைகளைக் கொத்துவதைவிட மண்ணைக் கிளறிப் போடுவதில்தான் அவற்றுக்கு ஆர்வம். சலித்துப் பொலபொலவென்று வைத்திருக்கும் பாத்தியைவிட அவற்றுக்குப் பிடித்த இடம் கிடையாது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை, நாம் செய்யக்கூடியது வலை கட்டுவது மட்டுமே. மூங்கில் குச்சிகளை வளைத்து நட்டு, அவற்றின் மேல் நைலான் வலையை இழுத்துக் கட்டிவிட்டால் இலை அடர்ந்து மண் மறையும் வரை தாங்கும்.

இலை நான்கு விரல் உயரம் வந்ததும் பயிர் கலைக்க வேண்டும். வீட்டுத் தோட்டக்காரர்கள் மனமில்லாமல் தள்ளிப்போடும் வேலை இதுதான். முளைத்த ஒன்றை எடுத்து எறிவது பாவம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. செடிக்குச் செடி இரண்டு விரற்கடை, அதாவது நாலைந்து சென்டிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் வேர்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு முறுக்கேறி வருகின்றன, ஒன்றும் பருப்பதில்லை. கையால் பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேர்நுனி அறுபடும் என்பதால், சிறு கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் நறுக்கிவிடுவதே நல்லது. நறுக்கிய இலைகளைக் கொத்தமல்லியோடு கலந்து துவையல் அரைக்கலாம். வீணாகிறது என்ற குறையும் தீரும்.

அதன் பிறகு பாத்தி நம்மிடம் அதிகம் கேட்பதில்லை. தினமும் மேலாகத் தெளிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, மண்ணின் தன்மையைப் பார்த்து மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஆழமாக நனைய விட வேண்டும். அதில் ஒழுங்கு முக்கியம். பொங்கல் விடுமுறைக்கு ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியவர்கள், வாடிய பாத்தியைப் பார்த்துப் பதறி நிறையத் தண்ணீர் விடுவார்கள். வேரின் உட்பகுதி வேகமாக ஊறிப் பருக்க, வெளிப்பகுதி ஈடுகொடுக்க முடியாமல் நீளவாக்கில் வெடித்துவிடும். காய்ந்த பாத்திக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தண்ணீர் காட்ட வேண்டும். பருக்கும்போது வேரின் தோள் மண்ணுக்கு மேலே எட்டிப்பார்க்கும். வெயில் பட்ட பகுதி பச்சையாகிவிடும். உருளைக்கிழங்கின் பச்சையைப் போல இதில் நஞ்சு இல்லை. லேசாகக் கசக்கும், அவ்வளவுதான். களை எடுக்கும்போதே மண் அணைத்துவிட்டால் அதுவும் வராது.

வாங்கி வந்த கேரட்டின் தலையை வெட்டித் தண்ணீரில் வைத்தால் கேரட் முளைக்கும் என்று பரவும் குறிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலை வரும், அழகாகவே வரும். புதிய கிழங்கு வராது, ஏனென்றால் அந்த வேரை நாம் ஏற்கெனவே பொரியல் செய்துவிட்டோம். கேரட் ஈராண்டுப் பயிர். முதல் பருவத்தில் வேரில் சேமித்ததைக் கொண்டு இரண்டாம் பருவத்தில் பூத்து விதை விடும். ஆரஞ்சு நிற ஐரோப்பிய வகைகள் பூக்க நீண்ட குளிர் வேண்டும். இதனால்தான் அவற்றின் விதையை இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் எடுக்கிறார்கள். வெண்டைக்கும் அவரைக்கும் செய்வதுபோல நம் பாத்தியிலேயே விதை எடுத்து வைக்கும் வழி இதில் இல்லை. ஆண்டுதோறும் வாங்கத்தான் வேண்டும்.

எப்போது பிடுங்குவது என்பதற்கு நாள் கணக்கைவிட விரல் நல்ல அளவுகோல். தோளைச் சுற்றியுள்ள மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தால் தடிமன் தெரிந்துவிடும். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் வந்திருந்தால் எடுக்கலாம். அவசரப்பட்டால் நிறம் வெளிறியிருக்கும், ஏனெனில் ஆரஞ்சு நிறம் வேர் முதிரும்போதுதான் கூடுகிறது. தாமதித்தால் நடுத்தண்டு தடித்துக் கட்டையாகிவிடும். இனிப்பும் நிறமும் அதிகம் இருப்பது அதைச் சுற்றியுள்ள சதையில்தான். முந்தைய நாள் மாலை பாத்தியை நனைத்துவிட்டு, களைக்கொத்தால் பக்கத்து மண்ணை நெகிழ்த்தி, இலைகளின் அடியை இறுகப் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும். வெறுமனே இழுத்தால் இலை கையோடு வந்துவிடும்.

காசுக் கணக்கு பார்த்தால் இதில் ஒன்றும் இல்லை. கேத்தி பாலாடா பள்ளத்தாக்கில் விளைந்து, இயந்திரத்தில் கழுவி, மேட்டுப்பாளையம் வழியாக உழவர் சந்தைக்கு வந்து சேரும் கேரட் என்னுடையதைவிட நீளம், நிறம், விலை மூன்றிலும் மேல். என் பாத்தியில் வருவது ஒரு சாணுக்கும் குறைவு. நிறமும் ஒரு படி கம்மி. ஆனால் பிடுங்கிய அரை மணி நேரத்துக்குள் கடித்துப் பார்க்கும்போது உள்ள வாசனை எந்தக் கடைக் கேரட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. வீட்டுப் பிள்ளைகள் பொரியலுக்குப் போகும் முன்பே பாதியைத் தீர்த்துவிடுகிறார்கள். மிஞ்சியதை வைத்திருக்க நினைத்தால் இலையை உடனே நறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை வேரின் ஈரத்தை இழுத்து அதைத் துவள வைத்துவிடும். வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது: பழம் பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீன் வாயு கேரட்டைக் கசக்க வைக்கும். பொரியலில் தேங்காய் துருவிப் போடும் நம் வழக்கத்துக்கு இதில் ஒரு கூடுதல் பயனும் உண்டு. கேரட்டின் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையக்கூடியது என்பதால், எண்ணெயும் தேங்காயும் சேரும்போதுதான் உடல் அதை நன்றாக எடுத்துக்கொள்கிறது.

மாசி முடிவதற்குள் பாத்தி காலியாகிவிடும். கடைசிக் கேரட்டுகளைப் பிடுங்கும்போது பக்கவேர்களைக் கழுவிப் பார்ப்பது அவசியம். அவற்றில் கடுகளவு முடிச்சுகள் தென்பட்டால் வேர்முடிச்சு நூற்புழு இருக்கிறது என்று பொருள். அந்தப் பாத்தியில் வழக்கம்போல வெண்டையோ தக்காளியோ போட்டால் அவற்றின் வேரிலும் அது பெருகி, அடுத்த கார்த்திகையில் கேரட்டுக்குக் காத்திருக்கும். முடிச்சு இல்லாத ஆண்டில் வெண்டை போடுகிறேன். இருந்த ஆண்டில் வேப்பம் புண்ணாக்கைக் கொத்திவிட்டு, கோடை முழுவதும் செண்டுமல்லி நிற்கும்.